பாயை வைத்து ஒட்டிய படகு

கோணாங்கழிப் பக்கம் நீங்கள் போக நேர்ந்தால் தாராளமாகப் போங்கள். மீன் நன்றாக இருக்கும், காற்று நன்றாக வரும். வழி மட்டும் யாரிடமும் கேட்டுவிடாதீர்கள். "நேரா போங்க" என்பார்கள். நீங்களும் நேராகப் போவீர்கள், எதிரே கழி வரும். திரும்பி வந்து, "அங்க தண்ணி இருக்கேய்யா" என்று கேட்டால், "வழி கேட்டீங்க, சொன்னோம். தண்ணி இருக்கான்னு கேக்கலியே" என்று வருத்தப்படுவார்கள். பொய் சொல்லத் தெரியாத ஜனங்கள். அதுதான் பெரிய தொல்லையே.

அந்த ஊரில் அஞ்சாப்புலி என்று ஒருத்தர். பேர் அப்படி வைத்துவிட்டார்களே தவிர, பூனை குறுக்கே வந்தால்கூட நின்று வழிவிடுகிற மனுஷர். அவருக்கு மூன்று கூட்டாளிகள். எத்திராஜ் எதையும் ஆற அமர யோசித்துப் பேசுகிறவன். ஒரு தடவை பட்டணத்தில் கோர்ட்டு வாசலில் இளநீர் குடித்திருக்கிறான், அதிலிருந்து ஊரில் என்ன வழக்கானாலும் அவன் சொல்தான் முடிவு. மாசிலாமணியிடம் ஒன்றைப் பிடி என்று கொடுத்தால் பிடிப்பான். விடு என்று சொல்ல மறந்துவிட்டால் மறுநாளும் பிடித்துக்கொண்டிருப்பான். தேசப்பனுக்குச் சந்தேகம் ஜாஸ்தி. கேட்பான், பதில் சொன்னால் அதிலும் ஒன்று கேட்பான்.

அஞ்சாப்புலியிடம் ஒரு படகு இருந்தது. சாதாரணப் படகு இல்லை, அந்தக் காலத்து ஃபைபர் படகு. எந்தத் துறைமுகத்துத் துரைகளோ உல்லாசமாக ஓட்டிவிட்டு ஏலத்தில் விட்டது. முன்னால் கண்ணாடி, காருக்கு இருப்பது போல ஸ்டியரிங், உட்கார மெத்தை வைத்த சீட்டு. அக்கரையில் மணல்மேட்டில் இருந்த பெரியதம்பி அதை ஏலத்தில் எடுத்து, தன் மகள் கன்னியம்மாவுக்குச் சீராகக் கொடுத்தார். கன்னியம்மாவைக் கட்டியவர்தான் நம் அஞ்சாப்புலி. கல்யாணத்தன்று பொண்ணும் மாப்பிள்ளையும் அந்தப் படகில்தான் கழியைக் கடந்தார்கள். எஞ்சின் சத்தம் கேட்டு ரெண்டு கரையும் கூடி நின்றது.

அப்புறம் என்ன, நம்மாள் கைக்கு வந்துவிட்டதல்லவா. ஒருநாள் எஞ்சின் மக்கர் பண்ணியது. கழற்றித் தூக்கிப் பார்த்தார்கள், நல்ல கனம். இவ்வளவு கனமான சாமானை வீணடிக்கக் கூடாதென்று கயிறு கட்டி நங்கூரமாகப் போட்டுவிட்டார்கள். நங்கூரம் அருமையாகத்தான் பிடித்தது. ஓடாத படகுக்கு நங்கூரம் எதற்கு என்று தேசப்பன் கேட்டான். சரியென்று படகைக் கரையேற்றினார்கள். ஏற்றும்போது கல்லில் இடித்து அடியில் ஓட்டை விழுந்தது. ஓட்டைப் படகில் கோழி அடைய ஆரம்பித்தது.

பெரியதம்பி காலமாகி வருஷத் திதி வந்தது. அன்றைக்குக் கன்னியம்மா அந்தப் படகைப் பார்த்தாள். அப்பா உட்கார்ந்து ஓட்டிக் காட்டிய மெத்தை சீட்டில் ஒரு கோழி முட்டைமேல் உட்கார்ந்திருந்தது.

"எங்கப்பா நெனப்பா எனக்கு மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்யா. அதைக் கோழிக்கூடா ஆக்கிட்டியே. மறுபடி எஞ்சின் வச்சு இந்தப் படகு கழியில வர்ற சத்தம் என் காதுல விழணும். விழுந்தாத்தான் உன் வீட்டுப் படியை மிதிப்பேன்," என்று சொல்லிவிட்டு, துணிமணியைக் கட்டிக்கொண்டு அக்கரையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள்.

அவள் இல்லாத வீட்டில் அஞ்சாப்புலிக்கு இருப்பே கொள்ளவில்லை. சோறு வடிக்கத் தெரியாதது ஒரு பக்கம் இருக்கட்டும். எப்படியோ பொங்கித் தின்றாலும், "உப்பு பத்துதாய்யா?" என்று கேட்க ஆளில்லை. உப்பு பத்துகிறதா இல்லையா என்பதே அவருக்குத் தெரியாமல் போயிற்று. கரையில் உட்கார்ந்து அக்கரையைப் பார்த்து அழுதார். அவர் அழுவதைப் பார்த்து மற்ற மூன்று பேரும் அழுதார்கள். தேசப்பன் நடுவில் நிறுத்தி, எதற்கு அழுகிறோம் என்று கேட்டான். சொன்னதும் மறுபடி அழுதான்.

அழுது முடித்ததும் யோசனை பண்ணினார்கள். சத்தம்தானே காதில் விழ வேண்டும், ஒரு எஞ்சினைத் தலையில் சுமந்துகொண்டுபோய் அவள் காதுகிட்ட வைத்து ஓட்டிவிட்டு வந்தால் என்ன என்றான் மாசிலாமணி. எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. எத்திராஜ்தான் கையைத் தூக்கித் தடுத்தான். கழியில் வருகிற சத்தம் என்று அவள் தெளிவாகச் சொல்லியிருக்கிறாள், திண்டாட்டமாகப் போகும் என்றான். அப்படியானால் படகைச் சரிபண்ணுவதைத் தவிர வேறு வழியில்லை என்ற முடிவுக்கு, மிகுந்த வருத்தத்தோடு, வந்து சேர்ந்தார்கள்.

டவுனில் ஜபருல்லா பாய் என்று ஒரு மெக்கானிக். படகு எஞ்சினில் கைதேர்ந்தவர். ஒல்லியான உடம்பு, கட்டம்போட்ட கைலி, கோபம் வந்தால் சிரிப்பார். அவரைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார்கள். பாய் படகைச் சுற்றிச் சுற்றி வந்தார். இந்த மாதிரி அந்தக் காலத்துப் படகை இப்போது கண்ணால் பார்க்கக் கிடைக்காது என்று தடவிக்கொடுத்தார். அப்புறம் ஒரு கட்டையை எடுத்து எத்திராஜ் கையில் கொடுத்து, "உடம்பு பூரா தட்டிக்கிட்டே வாங்க. எங்க கெட்டுப்போயிருக்குன்னு படகே சொல்லும்," என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

எத்திராஜ் தட்டினான். மூன்று பேரும் காதை வைத்துக் கேட்டார்கள். படகு ஒன்றும் சொல்லவில்லை.

"நம்ம மேல கோவமா இருக்கும்," என்றான் மாசிலாமணி. அஞ்சாப்புலி படகிடம் மன்னிப்புக் கேட்டார். மறுபடி தட்டினார்கள். "டொக்" என்றது.

எத்திராஜுக்குப் பொறி தட்டியது. "துரைங்க ஓட்டின படகு அண்ணே. இதுக்குத் தமிழ் எப்பிடித் தெரியும்? இங்கிலீசுலதான் சொல்லுது."

"டொக்னா என்னா?"

"நாயி. துரைங்க நாயை அப்பிடித்தான் கூப்புடுவாங்க."

இன்னொரு இடத்தில் தட்டினார்கள். அங்கேயும் "டொக்". எங்கே தட்டினாலும் படகு ஒரே பேச்சாக நாயைத்தான் காட்டிக்கொடுத்தது. பாய் டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால், தெருவில் இருந்த நாயையெல்லாம் பிடித்து வரிசையாகக் கட்டிப்போட்டு, எது படகைக் கெடுத்தது என்று விசாரணை நடந்துகொண்டிருக்கிறது. பாய் சிரித்தார். கட்டையைப் பிடுங்கித் தானே தட்டிப் பார்த்தார். ஓட்டையைத் தவிர மற்ற இடமெல்லாம் கெட்டியாகத்தான் இருந்தது. நாய்களை அவிழ்த்துவிடச் சொன்னார். விடுதலையான நாய்களில் ஒன்று போகிற போக்கில் மாசிலாமணியைக் கடித்துவிட்டுப் போயிற்று. படகு பொய் சொல்லவில்லை என்று எத்திராஜுக்கு அது ஒரு அத்தாட்சி.

ஓட்டையை அடைக்க வேண்டுமானால் பிசின் வேண்டும். டவுனில் ஃபைபர் சாமான் விற்கிற கடை இருக்கிறது, போய்க் கேளுங்கள், என்னென்ன வேண்டுமோ கடைக்காரரே எடுத்துக் கொடுத்து எப்படி ஒட்டுவது என்றும் சொல்லுவார் என்று பாய் அனுப்பி வைத்தார். நாலு பேரும் போனார்கள். இங்கேதான் ஒரு விஷயத்தை நீங்கள் மனசில் வைத்துக்கொள்ள வேண்டும். பிசினை வெறுமனே பூசினால் நிற்காது. கண்ணாடி நாரால் செய்த விரிப்பு ஒன்றை ஓட்டைமேல் வைத்து, அதன்மேல் பூச வேண்டும். பார்க்கப் பாய் மாதிரி சுருட்டி வைத்திருப்பார்கள். அந்தக் கடையில் அதற்குப் பெயரே பாய்தான்.

கடையில் நல்ல கூட்டம். கடைக்காரர் பிசின் டின்னையும், அதை இறுக வைக்கிற மருந்துப் புட்டியையும் எடுத்து வைத்தார். எடுத்து வைத்துக்கொண்டே கேட்டார்.

"பாய் இருக்கா?"

"இருக்காரு," என்றார் அஞ்சாப்புலி. "படகுக்குப் பக்கத்துலதான் இருக்காரு."

கடைக்காரர் காதில் பாதிதான் விழுந்தது. "பழசா, புதுசா?"

"பழசுதான். அறுபது வயசுக்குக் கொறையாது."

"அவ்வளவு பழசுன்னா சுருங்கியிருக்கும். நல்லா நீட்டி விரிச்சு வையுங்க. ஓட்டைக்கு நேரா பாயைப் போட்டு, மேல பிசினைத் தடவிக்கிட்டே வரணும். பாய் நல்லா ஊறணும், அதான் முக்கியம். காயிற வரைக்கும் பாய் அசையக் கூடாது."

தேசப்பனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "இதுக்குப் பாய் சம்மதிக்கணுமே?"

"பாய்க்கு என்னய்யா சம்மதம்?" என்றார் கடைக்காரர். "பெரிசா இருந்தா கத்தரியால அளவா வெட்டிக்குங்க." அதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார்.

திரும்பி வருகிற வழியெல்லாம் நாலு பேரும் டின்னை மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். மனசு கனத்துக் கிடந்தது. அஞ்சாப்புலிதான் பேச்சை ஆரம்பித்தார். எனக்காக ஒரு மனுஷர் இவ்வளவு தூரம் வந்து, ஓட்டையில் தன்னையே வைத்து ஒட்டச் சொல்லிக் கடைக்கும் அனுப்பியிருக்கிறார் பார், சொந்தத் தம்பிகூட இப்படிச் செய்வானா என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அது சரி அண்ணே, வெட்டச் சொன்னாரே," என்றான் தேசப்பன்.

எத்திராஜ் வெகுநேரம் யோசித்தான். "பெருசா இருந்தாத்தான வெட்டணும்? பாய் ஒல்லி. ஓட்டைக்கு அளவாத்தான் இருக்காரு. வெட்டற வேலை நமக்கு மிச்சம்."

எல்லோருக்கும் பெரிய நிம்மதியாக இருந்தது.

வந்து பார்த்தால் பாய் சாப்பிட்டுவிட்டுப் படகுக்குள்ளேயே படுத்து அசந்து தூங்குகிறார். அடியில் இருந்த ஓட்டை வழியாகக் காற்று ஜிலுஜிலுவென்று வந்திருக்கிறது, அதன் பக்கத்திலேயே தலையைச் சாய்த்துவிட்டார். தானே போய்த் தயாராகப் படுத்துக்கொண்டாரே என்று அஞ்சாப்புலிக்கு மறுபடி கண் கலங்கியது. அவரை மெல்லப் புரட்டி ஓட்டைக்கு நேராக வைத்தார்கள். காலைக் கையை நீட்டி விரித்தார்கள். பிசினில் மருந்தைக் கலக்கி, கைலிமேல் தாராளமாக ஊற்றித் தடவினார்கள். பாய் நல்லா ஊறணும் அல்லவா, இன்னொரு குவளையும் ஊற்றினார்கள்.

அந்தப் பிசினுக்கு ஒரு குணம் உண்டு. இறுகும்போது சுடும். பாய் முதலில் தூக்கத்திலேயே முனகினார், அப்புறம் கண்ணைத் திறந்தார். அடியில் யாரோ அடுப்பு மூட்டுவது போல இருந்தது அவருக்கு. எழுந்திருக்கப் பார்த்தார், முடியவில்லை. மாசிலாமணி ஒரு தோளையும் தேசப்பன் ஒரு தோளையும் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

"என்னாய்யா பண்றீங்க?"

"அசையாதீங்க பாய். இன்னும் காயல," என்றார் அஞ்சாப்புலி, தலையைக் கோதிவிட்டபடி. "நீங்க செஞ்சதை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன். இனிமே இந்தப் படகு ஓடற எடமெல்லாம் நீங்களும் வருவீங்க."

பாய்க்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் ரொம்ப நேரம் சிரித்தார். அந்தச் சிரிப்பு எப்படிப்பட்டது என்று நான்தான் முன்னமே சொல்லிவிட்டேனே. நல்லவேளை, உள்ளே டவுசர் போட்டிருந்தார். கைலி முடிச்சை அவிழ்த்து, ஒரே உதறாக உதறி வெளியே குதித்துவிட்டார். கைலி அப்படியே ஓட்டைமேல் கல்லாக இறுகிக் கிடந்தது.

கோபத்தோடு கோபமாக அந்த இடத்தில் ஓங்கி ஒரு உதை விட்டார். கால்தான் வலித்தது. ஓட்டை நன்றாகவே அடைபட்டிருந்தது. கட்டம்போட்ட அடைப்பைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் தானே டவுனுக்குப் போய் உண்மையான பாயை வாங்கி வந்து, அதன்மேல் ரெண்டு அடுக்கு வைத்து ஒட்டினார். ஏன் இவ்வளவு பாடு என்றால், படகின்மேல் அவருக்கு ஆசை விழுந்துவிட்டது. பாயை ஒட்டப் பாய் வந்திருக்கிறார் என்று தேசப்பன் மட்டும் குழம்பிப்போய் அன்றைக்கெல்லாம் ஒன்றும் கேட்கவில்லை.

எஞ்சினும் வந்து சேர்ந்தது. பழைய எஞ்சின் நங்கூரமாகவே தேய்ந்துபோயிருந்ததால் அதைக் கழியிலேயே விட்டுவிட்டார்கள். பாய் நல்லதாக ஒரு எஞ்சின் பார்த்துக் கொடுத்து, தன் கையாலேயே படகின் பின்பக்கம் மாட்டினார். மாட்டும்போது நாலு பேரும் கிட்டே வரக் கூடாது என்று தரையில் கோடு கிழித்துவிட்டார். கோட்டுக்கு வெளியே நின்று அஞ்சாப்புலி மரியாதையாகக் கேட்டார், எஞ்சின் எப்படி என்று.

"பதினஞ்சு குதிரை," என்றார் பாய். "நல்லா இழுக்கும்."

பாய் போனதும் நாலு பேரும் எஞ்சினைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். இவ்வளவு சின்னப் பெட்டிக்குள் பதினைந்து குதிரை எப்படி நிற்கும் என்பது தேசப்பனின் கேள்வி. நிற்காது, படுத்திருக்கும் என்றான் எத்திராஜ். படுத்திருக்கிற குதிரைக்குப் பசிக்குமே என்றார் அஞ்சாப்புலி. வீட்டுக்குப் போய்க் கொள்ளு ஊறவைத்து, ஒரு தட்டு நிறையக் கொண்டுவந்து எஞ்சினுக்கு அடியில் வைத்தார். விடிந்து பார்த்தால் தட்டு காலி. பக்கத்தில் கோழி தள்ளாடித் தள்ளாடி நின்றுகொண்டிருந்தது, அதை யார் கவனித்தார்கள்? பதினைந்து குதிரையும் நல்லா சாப்பிட்டிருக்கு, உடம்புக்கு ஒன்றுமில்லை என்று அஞ்சாப்புலி சந்தோஷப்பட்டார். அதிலிருந்து தினமும் கொள்ளு வைத்தார். கோழி கொழுத்தது.

அதற்கப்புறம் பாய் ஊருக்குள் வரவேயில்லை. உறவில் ஒரு நிக்காஹ், வெளியூர் போகிறேன் என்றார். பஸ் ஏறுகிற இடத்தில் நின்றுகொண்டு, நாலு பேரையும் சாலைக்கு அந்தப் பக்கமே நிறுத்திவைத்து, கத்தியே சொன்னார். பெயின்ட்டு வாங்கி வைத்திருக்கிறேன். படகுக்கு ரெண்டு கோட்டு அடியுங்கள். ஒன்று காய்ந்த பிறகுதான் அடுத்தது. அப்புறம் எஞ்சின் புதுசு, சூட்டுக்குப் பழகுகிற வரைக்கும் ஆள் ஏற்றாமல் ஓட்டுங்கள். நல்ல நாள் பார்த்து வெள்ளோட்டம் விட்டுவிடுங்கள். சொன்னதும் பஸ் வந்தது, பாய் ஏறிக்கொண்டார்.

கோட்டு விஷயத்தில் சிக்கலே இல்லை. நூல் பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, படகின் பக்கவாட்டில் முன்னாலிருந்து பின்னால்வரை நீலமாக ஒரு கோடு அடித்தார்கள். அது காய்கிறவரை சுற்றி உட்கார்ந்து காவல் காத்தார்கள். காய்ந்ததும் அதற்குக் கீழே இன்னொன்று அடித்தார்கள். மீதிப் பெயின்ட்டு டின் நிறைய இருந்தது. பாய் ரெண்டு கோட்டுக்கு இவ்வளவு வாங்கிவிட்டாரே, கணக்குத் தெரியாத மனுஷர் என்று பேசிக்கொண்டார்கள்.

வெள்ளோட்டம்தான் யோசிக்க வைத்தது. எத்திராஜ் அதைப் பிரித்துக் காட்டினான். வெள்ளை, ஓட்டம். வெள்ளை உடுத்திக்கொண்டு ஓட வேண்டும். ஆள் ஏற்றக் கூடாது என்று பாய் சொன்னதற்கும் இப்போது அர்த்தம் புரிகிறது அல்லவா? படகு தண்ணீரில் ஓட வேண்டும், நாம் கரையில் ஓட வேண்டும். இவ்வளவு பொருத்தமாக ஒருத்தர் சொல்லியிருக்கிறாரே என்று எல்லோரும் பாயை மெச்சினார்கள்.

நல்ல நாள் வந்தது. மூன்று பேருக்கு வெள்ளை வேட்டி இருந்தது. தேசப்பனிடம் இல்லாததால் மெத்தை உறையை உடுத்திக்கொண்டான். படகைக் கழியில் இறக்கினார்கள். அது அழகாக மிதந்தது. பழைய கண்ணாடி வெயிலில் மின்னியது. அஞ்சாப்புலிக்குக் கல்யாண நாள் ஞாபகம் வந்தது. கன்னியம்மாவின் அம்மா வீட்டுத் தென்னைமரத்துக்கு நேராகப் படகைத் திருப்பி, ஸ்டியரிங்கைக் கயிறு போட்டு அசையாமல் கட்டினார்கள்.

சீட்டில் இருந்த கோழி மட்டும் எழுந்திருக்க மறுத்தது.

"ஆள் ஏத்தக் கூடாதுன்னு சொன்னாரே," என்றான் மாசிலாமணி.

"கோழி ஆள் இல்ல," என்றான் எத்திராஜ். "ஆளா இருந்தா ஓட்டுப் போட்டிருக்கும்."

அஞ்சாப்புலி இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, எட்டி எஞ்சின் கயிற்றை இழுத்தார். ரெண்டு இழுப்பில் பிடித்துக்கொண்டது. மாசிலாமணி துடுப்பை நீட்டிக் கியரைத் தள்ளினான். பதினைந்து குதிரையும் ஒரே பாய்ச்சலாகப் பாய்ந்தது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு, கோழியோடு, அக்கரையைப் பார்க்கப் பறந்தது. நாலு பேரும் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கரையோடு ஓட ஆரம்பித்தார்கள்.

இந்தக் கழி கொக்கி மாதிரி வளைந்தது. தண்ணீரில் போனால் வெற்றிலை மென்று துப்புவதற்குள் அக்கரை வந்துவிடும். கரையோடு சுற்றிப் போனால் கால் கழன்றுவிடும். ஆகவே படகு போய்ச் சேர்ந்தபோது இவர்கள் பாதி வழிகூட வரவில்லை.

அக்கரையில் கன்னியம்மா மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். எஞ்சின் சத்தம் கேட்டது. கையில் இருந்ததைப் போட்டுவிட்டு எழுந்தாள். பொய்யில்லை, அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. வெளியே காட்டிக்கொள்ளவில்லையே தவிர, இங்கே வந்த நாளிலிருந்து அந்த மனுஷன் என்ன தின்றானோ என்றுதான் அவளுக்கும் யோசனை. "வந்துடுச்சும்மா, எங்கப்பா படகு வந்துடுச்சு," என்று கத்திக்கொண்டு கரைக்கு ஓடினாள்.

படகு வந்தது. நேராகச் சேற்றில் ஏறி நின்றது, எஞ்சின் அணைந்தது. கண்ணாடிக்குப் பின்னால், ஸ்டியரிங்குக்கு எதிரே, ஒரு கோழி உட்கார்ந்திருந்தது. வேறு யாரும் இல்லை.

கன்னியம்மா படகைப் பார்த்தாள். வந்த வழியைப் பார்த்தாள். தண்ணீர் சும்மா கிடந்தது. அப்படியே சேற்றில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டாள்.

"நான்தான சாவடிச்சேன். சும்மா கெடந்த மனுசனைச் சத்தம் கேக்கணும்னு சொல்லிக் கொன்னுட்டேனே. எனக்குப் படகா முக்கியம்?"

மணல்மேடே கூடிவிட்டது. ஆள் நடுக்கழியில் தவறி விழுந்துவிட்டான் என்று பேச்சுப் பரவி, இளவட்டங்கள் தண்ணீரில் குதித்தார்கள். சிலர் வலையைப் போட்டு அரித்தார்கள். அவளுடைய அம்மா மகளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

கடைசியில் நாலு வெள்ளை உருவமும் வந்து சேர்ந்தது. வெள்ளை என்று பேர்தான், சேறு தெறித்துத் தெறித்து முகம் தெரியாமல் இருந்தார்கள். கரையோரம் ஒருத்தர் முதுகைக் காட்டிக்கொண்டு வலை இழுத்துக்கொண்டிருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே அஞ்சாப்புலி அவரிடம் என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார்.

"ஆள் விழுந்துட்டான்யா. புது எஞ்சின் படகுல வந்தவன். படகு மட்டும் வந்து சேந்துது," என்றார் வலைக்காரர், திரும்பாமலே.

"யாரு ஆளு?"

"நம்ம பெரியதம்பி மக கன்னியம்மா இருக்குல்ல, அது புருசன்."

அஞ்சாப்புலிக்குப் பகீர் என்றது. ஐயோ, கன்னியம்மா என்ன ஆவாள், அவளுக்கு யார் இருக்கிறார்கள் என்றுதான் முதலில் தோன்றியது. ஓடிவந்த களைப்பைக்கூடப் பார்க்கவில்லை, அப்படியே தண்ணீரில் குதித்தார். அவர் குதித்தால் மற்ற மூன்று பேரும் சும்மா இருப்பார்களா? தேசப்பன் மெத்தை உறையோடு குதித்தான், அதில் தண்ணீர் புகுந்து அவனை ரெண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று.

அஞ்சாப்புலி முங்கினார், எழுந்தார், மறுபடி முங்கினார். சேற்றைக் கையால் துழாவினார். அன்றைக்கு அந்தக் கழியில் அவரை அவரைப் போலத் தேடியவர் யாருமில்லை. மற்றவர்கள் ஓய்ந்து கரையேறிய பிறகும் அவர் விடவில்லை. கடைசியில் மூச்சு முட்டிப்போய், தலையிலிருந்து கால்வரை சேறு வழிய, அழுதுகொண்டே கரையேறினார். நேராகக் கன்னியம்மாவிடம் வந்து நின்றார்.

கன்னியம்மா நிமிர்ந்து பார்த்தாள். சேற்றுக்குள்ளே இருக்கிற முகம் அவளுக்கா தெரியாது? போன உயிர் திரும்பி வந்தது. எழுந்து அவருடைய ரெண்டு கையையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். கூட்டமும் அடையாளம் கண்டுகொண்டது.

"அழாத கன்னியம்மா," என்றார் அஞ்சாப்புலி, தேம்பிக்கொண்டே. "என்னால முடிஞ்ச மட்டும் தேடிட்டேன். ஆள் கெடைக்கல. அவன் குடுத்து வச்சது அவ்வளவுதான். நீ எதுக்கும் கலங்காத. இனிமே உனக்கு நான் இருக்கேன்."

கன்னியம்மா பிடித்த கையை விடவில்லை.

பின்னால் நின்ற எத்திராஜ் தொண்டையைக் கனைத்தான். அவர் தோளைத் தொட்டுக் கொஞ்சம் ஒதுக்குப்புறமாக இழுத்தான்.

"தப்பா நெனச்சுக்காதீங்க அண்ணே. அந்த மனுசன் போயி இன்னும் காரியங்கூட முடியல. அதுக்குள்ள அவரு பொஞ்சாதி கையைப் புடிச்சுக்கிட்டு நீங்க இப்பிடிப் பேசறது நல்லால்ல. நாலு பேரு என்னா சொல்லுவாங்க?"

அஞ்சாப்புலிக்கு வெட்கமாகப் போய்விட்டது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். "தப்புதான். அவ அழறதைப் பாத்ததும் மனசு கேக்கல," என்றார். பிறகு மாமியார் பக்கம் திரும்பி, தலையைக் குனிந்து ஒரு கும்பிடு போட்டார்.

"காரியம் முடியட்டும்மா. நாங்க முறையா தட்டு எடுத்துக்கிட்டு வந்து பொண்ணு கேக்கறோம்," என்று சொல்லிவிட்டு, மூன்று பேரையும் அழைத்துக்கொண்டு, வந்த வழியே வீட்டுக்கு நடக்க ஆரம்பித்தார்.